ஐந்தாவது பட்டன்

சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியிலிருந்தே தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். ஆனாலும் காரின் ரேடியோவில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அணையவில்லை.

எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவி, மழைச் சாரல் உள்ளே அடிக்கிறதே என்று ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, மறுபடி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தான். பிற்பகல்தான், ஆனால் ஷட்டர் இறங்கியதும் கராஜ் இருட்டிவிட்டது. பெட்ரோல் வாடை, ஈர சிமென்ட் வாடை, நாள்பட்ட தோல் சீட்டின் வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் தலை எண்ணெய் வாடை. அப்பா இந்த சீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த வாடை மட்டும் இன்னும் போகவில்லை.

பழைய கார், பழைய வயரிங், எங்கோ கரண்ட் கசிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுக்குத் தெரியாததா? கார் ஸ்டீரியோ மாற்றுவதுதான் அவன் பிழைப்பு. கடைத்தெருவில் சொந்தக் கடை வைத்திருப்பவன், எத்தனையோ டாஷ்போர்டுகளைப் பிரித்து மேய்ந்தவன், இந்தப் பாழாய்ப்போன ஒரு செட்டைக் கழற்ற ஏன் கை வியர்க்க வேண்டும்?

ஏன் என்று அவனுக்குத் தெரியும். அப்பா உயிரோடு இருக்கிறார். இந்த கராஜுக்கு நேர் மேலே, மாடி அறையில், படுத்திருக்கிறார்.

டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த சின்ன வெள்ளைப் பெட்டியிலிருந்து அவருடைய மூச்சு வந்துகொண்டிருந்தது. கைக்குழந்தை தூங்கும் அறையில் ஒன்றும் தாயின் பக்கத்தில் ஒன்றுமாக வைப்பார்களே, அந்த ஜோடி. அக்கா தன் பிள்ளைகளுக்கு வாங்கியதைத் தூசு தட்டிக் கொண்டுவந்து, ஒன்றை அப்பாவின் கட்டிலில் மாட்டியிருந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு மெல்லிய விசில், வெளியே விடும்போது ஒரு கரகரப்பு. அது பழகிப்போன சத்தம். இன்று கூடவே இன்னொன்று கேட்டது. டொக், டொக். ஒரு சின்ன இடைவெளி. டொக், டொக், டொக். இடைவெளி. டொக். இடைவெளி. டொக், டொக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி முதலிலிருந்து.

"டேய், கேக்குதா?" பெட்டிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள். "அப்பா காலைலேர்ந்து விரலால கட்டில் சட்டத்தைத் தட்டிக்கிட்டே இருக்கார். உன்னைத்தான் கூப்பிடறார்னு நினைக்கிறேன். ஒரு எட்டு மேல வந்துட்டுப் போயேன்."

"வரேன்க்கா."

"அப்படி என்னதான் பண்றே அங்க?"

"காரைத் தொடைக்கிறேன்."

"நல்லாத் தொடை. அவருக்கு அதுதானே உசிரு."

அவன் பெட்டியின் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

நாளைக் காலையில் கார் கைமாறுகிறது. அக்காவுக்கே தெரியாது. வாங்குகிறவர் பல் டாக்டர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிரை விடுவார். கூரை தாழ்ந்த, இரண்டே கதவுள்ள, முன் விளக்குகள் இமை திறப்பதுபோல் மேலே எழும்பும் இந்த வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான் சொன்னார். "ரேடியோதான் சுத்தச் சொத்தை. பிடுங்கிட்டு நல்லதா ஒண்ணு கட்டிக் குடுத்துடுங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். இவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது நாக்கில் கசந்தது.

பேர் மாற்றும் தாளில் அப்பாவின் கைநாட்டு வேண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ் தாள் என்று சொல்லி, அவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தான். அப்பா தாளைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் ஒன்றும் அரக்கன் இல்லை. களைத்துப்போனவன். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வாயில் வருவது ஒரே ஒரு சொல், சின்ன வயதில் அவனுக்கு அவர் வைத்த பட்டப்பெயர்: "பொடியா." நாற்பது வயதில், தொந்தியும் வழுக்கையுமாக, அந்தக் கூப்பாட்டுக்கு அவன் ஓட வேண்டும். விடிந்ததும் அவர் இடது கை தரையைக் காட்டும். அவன் கீழே போய் காரைக் கிளப்பி, கண்ணாடியை இறக்கி, ரேடியோவைச் சத்தமாக வைக்க வேண்டும். மேலே அப்பா பாதி வாயால் சிரிப்பார். மழையோ காய்ச்சலோ ஒரு நாள் தவறக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், கடை திறக்கத் தாமதமாகிறது, எஞ்சின் வேறு இருமுகிறது. அதனால்தான் இந்த யோசனை வந்தது. சற்றுமுன் காரைக் கடைசி முறையாகக் கிளப்பி, எஞ்சின் சத்தத்தையும் ரேடியோ சத்தத்தையும் போனில் பதிந்துகொண்டான். இனி தினமும் காலையில் ஜன்னலுக்குக் கீழே நின்று இதைப் போட்டால் போதும். கிழவருக்குத் தெரியவா போகிறது?

கிழவர் என்று நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ரேடியோவில் ஐந்து பட்டன்கள். கார் வந்த அன்று அப்பா ஒவ்வொருவரையும் முன் சீட்டில் உட்கார வைத்து, பிடித்த ஸ்டேஷனைத் தேடச் சொல்லி, பட்டனை 'பீப்' சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முதல் பட்டன் அம்மாவுக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவது அக்காவுக்கு. நான்காவது பொடியனுக்கு. "இனிமே இது மறக்காது பார்," என்றார். அம்மா போன பிறகும் முதல் பட்டனை யாரும் மாற்றவில்லை.

ஐந்தாவது காலி. அதை அழுத்தினால் வெறும் இரைச்சல், ஓட்டின் மேல் மழை கொட்டுவதுபோல. சின்ன வயதில் அதைக் கேட்டாலே அவன் காதைப் பொத்திக்கொள்வான். "அங்க யாருப்பா இருக்காங்க?" என்று கேட்பான். "யாரும் இல்லைடா. யாரும் இல்லாத இடம் அப்படித்தான் கத்தும்," என்று அப்பா சிரிப்பார்.

ஆரஞ்சு வெளிச்சம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டொக், டொக். டொக், டொக், டொக்.

"சும்மா இருங்கப்பா," என்று முனகினான்.

செட்டின் இரு ஓரங்களிலும் உள்ள துளைகளில் இரும்புக் கொக்கிகளை நுழைத்தான். கம்பெனி செட்டுகள் இப்படித்தான் கழலும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்தினால் உள்ளே பிடிப்பு விடும். அழுத்தினான். பெட்டியில் அப்பாவின் மூச்சு பாதியில் நின்றது.

கையை எடுத்தான். மூச்சு வந்தது.

தற்செயல். மறுபடி அழுத்தினான், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு. செட் ஒரு விரல் அளவு வெளியே நகர்ந்தது. மேலே கட்டில் கிரீச்சிட்டது. பெட்டியில் அல்ல, தலைக்கு மேலே கூரையிலேயே கேட்டது. தட்டும் சத்தம் வேகமானது. அவசரம் அவசரமாக, ஆனால் அதே கணக்கில்.

இனி பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் கடையில் வேலைக்குச் சேர்கிற எவனுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது: கோடு நம்பர் கேட்காமல் கழற்றாதே. இந்த கார் வந்த காலத்து கம்பெனி செட்டுகளுக்குத் திருட்டுப் பூட்டு உண்டு. கரண்ட் அறுந்தால் எல்லாம் மறந்துவிடும். திரும்ப இணைத்தால் நான்கு எண் ரகசியக் குறியீடு கேட்கும். முதல் நான்கு பட்டன்களையும் ஒவ்வொன்றாக, அந்தந்த எண்ணுக்கு எத்தனையோ அத்தனை தடவை அழுத்த வேண்டும். மூன்று முறை தப்பாகப் போட்டால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். பிறகு தலைகீழாக நின்றாலும் திறக்காது.

இந்த செட்டின் கோடு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்கலாம்தான். பேச முடியாவிட்டாலும் விரலால் காட்டியிருப்பார். ஆனால் மேலே போய், அந்த முகத்தைப் பார்த்து, எதற்குக் கேட்கிறேன் என்று என்ன சொல்வது? குப்பைக்குப் போகிற செட்டுக்குக் கோடு எதற்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டான். டிக்கியைத் திறந்து, அங்கிருந்த பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஸ்பானரால் தளர்த்தினான். கம்பி கழன்றது.

ஆரஞ்சு வெளிச்சம் அணைந்தது.

தட்டும் சத்தமும் நின்றது.

மழை மட்டும். அவன் ஸ்பானரைப் பிடித்தபடி டிக்கிக்குப் பக்கத்திலேயே நின்றான். பெட்டியில் மூச்சு வந்தது, ஆனால் விசில் இல்லை, கரகரப்பு இல்லை. வழவழவென்று, யாருடையதோ போல.

"அப்பா?" அக்காவின் குரல். "என்னப்பா? நான்தான்... இங்க பாருங்க. என்னைப் பாருங்கப்பா." பிறகு குரல் உடைந்தது. "டேய்! சீக்கிரம் மேல வா!"

படிகளை எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. அப்பா தலையணையில் சாய்ந்து கண் திறந்தபடி இருந்தார். சுகமாகத்தான் தெரிந்தார். முகச் சுருக்கம்கூடக் குறைந்தாற்போல் இருந்தது. அவன் குனிந்து அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனான். அந்தப் பார்வை அவன் மேல் பட்டது, நிற்கவில்லை. அலமாரியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டு, சுவரில் அம்மாவின் படத்தைப் பார்த்தது. அங்கும் நிற்கவில்லை.

"அம்மாவையே தெரியலைடா," என்றாள் அக்கா. "இப்பத்தான், ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் உன்னையே கேட்டுக்கிட்டிருந்தார். டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்."

அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி தானாக வந்தது. "அப்பா, ரேடியோ கோடு என்னப்பா?"

அக்கா அவனை வெறித்துப் பார்த்தாள். "உனக்குப் பைத்தியமா?"

"சொல்லுங்கப்பா. விரலால காட்டுங்க." அந்த இடது கையைப் பிடித்தான். ஈரத்துணிபோல் அது அவன் கையில் கிடந்தது.

"என்னடா பண்ணே நீ கீழ?"

அவன் அந்தக் கையை விட்டுவிட்டுக் கீழே ஓடினான்.

பேட்டரிக் கம்பியைத் திரும்ப மாட்டினான். பொறி பறந்தது. முன்னால் ஏதோ முனகியது. ஒரு முன் விளக்கு மட்டும் இமை திறந்து பாதியில் நின்றது. ஓட்டுநர் சீட்டில் விழுந்தான். செட் விழித்திருந்தது. ஸ்டேஷன் இல்லை, மணி இல்லை. கோடு கேட்டது. நான்கு சின்னக் கீற்றுகள், நான்கு காலி இடங்கள்.

அம்மாவும் அப்பாவும் கல்யாணம் செய்துகொண்ட வருஷம். அதுவாகத்தான் இருக்கும். பட்டன்களை அழுத்தி முடித்துக் காத்திருந்தான்.

நீளமாக ஒரு பீப். தப்பு.

"டேய்," என்றது பெட்டி. அக்கா மெதுவாகப் பேசினாள், சத்தம் போட்டால் எதுவோ விழித்துக்கொள்ளும் என்பதுபோல. "அவர் கை சில்லுனு ஆயிடுச்சுடா."

அக்கா பிறந்த தேதி. அக்காதான் அப்பாவுக்கு மகாராணி. அழுத்தினான். விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான்.

பீப்.

"மூச்சு விடறாரான்னே தெரியலை. கண்ணு மட்டும் தொறந்திருக்கு. இமைக்கவே மாட்டேங்குது. மேல வாடா, பயமா இருக்கு."

ஒரே ஒரு வாய்ப்பு. வண்டிக்குள் எண்ணெய் வாடை போயிருந்தது. அதை அப்போதுதான் உணர்ந்தான். அப்பா இந்த சீட்டில் உட்காரவே இல்லை என்பதுபோல் சுத்தமாகப் போயிருந்தது. அவன் பிறந்த தேதி ஒரு கணம் மனதில் வந்தது. தள்ளிவிட்டான். தாளில் பொய் சொல்லிக் கைநாட்டு வாங்கினவன் பிறந்த நாளையா? என்ன முகத்தோடு அதை அழுத்துவது? அப்பாவுக்கு உசிரு இந்த கார்தானே. காரின் நம்பர். அதுதான். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அழுத்தினான்.

பீப் வரவில்லை. காலி இடங்கள் மறைந்தன. பூட்டிக்கொண்டுவிட்டால் வரும் அந்த ஒரு சொல் தோன்றியது. சேஃப்.

பத்திரம்.

அவன் ரேடியோவைக் கையால் குத்தினான். கெஞ்சினான். பிறகு, புத்தி மழுங்கியவனுக்குத் தோன்றுகிற யோசனையாக, போன் ஞாபகம் வந்தது. அந்தச் சத்தம். அவருக்குப் பிடித்த சத்தம். அதைக் கேட்டால் திரும்பி வருவார்.

அக்கா சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். அப்பா அதே சாய்வில், அதே திறந்த கண்களோடு. இப்போது ஒரு கண் முழுதாகவும் ஒரு கண் பாதியாகவும் திறந்திருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து, போனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவை ஓடவிட்டான்.

"அப்பா, கேளுங்க. உங்க கார். கேக்குதா? உங்க பொடியன் ஸ்டார்ட் பண்றேன்."

எஞ்சின் இருமிக் கிளம்பியது. அம்மாவின் ஸ்டேஷன். அப்பாவின் ஸ்டேஷன். அக்காவுடையது. அவனுடையது. எல்லாவற்றுக்கும் பின்னால், அப்போது டாஷ்போர்டில் இருந்த வெள்ளைப் பெட்டி வழியாகப் பதிவாகி, தெளிவாக, பொறுமையாக, ஒன்று கேட்டது.

டொக், டொக்.

டொக், டொக், டொக்.

டொக்.

டொக், டொக்.

அவன் விரல் விட்டு எண்ணினான். இரண்டு. மூன்று. ஒன்று. இரண்டு. இருபத்திமூன்றாம் தேதி, பன்னிரண்டாம் மாதம். அவன் பிறந்த நாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கைநாட்டு வைத்தபோதே தெரிந்திருந்தது. காரை எடுத்துக்கொள், விற்றுக்கொள், கோடு மட்டும் கேட்டுக்கொண்டு போ என்று காலையிலிருந்து தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறார். பையனின் தொழில் அவருக்குத் தெரியாதா? மேலே வர மாட்டான், கேட்க மாட்டான் என்றும் தெரிந்துதான் அவ்வளவு சத்தமாகத் தட்டியிருக்கிறார்.

"அப்பா," என்றான். "தப்புப் பண்ணிட்டேன்பா. மன்னிச்சுடுங்கப்பா. என்னைப் பாருங்க."

பதிவு முடிந்தது. அறை அமைதியானது. அக்கா கையிலிருந்த போனில் டாக்டர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

அப்பாவின் வாய் திறந்தது.

பாதி வாய் அல்ல. முழு வாயும், இரண்டு பக்கமும் சமமாக, மெல்ல, யாரோ கொக்கி போட்டு இழுப்பதுபோல. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. உதடு அசையவில்லை. உள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஓட்டின் மேல் மழை கொட்டுவதுபோல. வெளியே மழை விட்டிருந்தது.

அக்கா அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். அவனால் எழ முடியவில்லை. அந்த இரைச்சல் அவன் முகத்தில் காற்றாக அடித்தது; ஈரமில்லை, சூடில்லை. அதற்குள்ளே வெகு தூரத்தில் வேறு ஏதோ இருந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்தான். ஆனாலும் குனிந்தான். திறந்த வாய்க்குள் காதை வைத்தான்.

அங்கே, யாருமே இல்லாத இடத்தில், வழி தெரியாத ஒருவர் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொடியா... பொடியா... பொடியா..."